மவுல்பிரோன்: நீர் போன வழியே ஒரு மடாலய ஊரைச் சுற்றிப் பார்க்க

தென்மேற்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்கும் கார்ல்ஸ்ரூஹேவுக்கும் இடையே, ஸ்ட்ரோம்பெர்க் குன்றுகளை ஒட்டி இருக்கிறது மவுல்பிரோன். ஏழாயிரம் பேருக்குள் வாழும் சிற்றூர். ஊரின் நடுவே மதில் சூழ்ந்த ஒரு மடாலயம். 1147இல் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவறச் சபையின் துறவிகள் இங்கே குடியேறினார்கள். 1993இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே இவ்வளவு முழுமையாக நிற்கும் சிஸ்டர்சியன் மடம் வேறு இல்லை என்று சொல்லும் அளவுக்கு, தேவாலயத்திலிருந்து தானியக் களஞ்சியம் வரை, குதிரை லாயத்திலிருந்து மாவு ஆலை வரை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

தேவாலயத்துக்குள் எட்டிப்பார்த்து, முற்றத்தில் நாலு படம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டால் இந்த ஊர் உங்களுக்குப் பிடிபடாது. மவுல்பிரோனை இரண்டு கேள்விகளோடு சுற்ற வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போனது? இந்த இடத்தில் யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது? ஏன் சுவர் அங்கே நிற்கிறது, ஏன் கதவு இங்கே இருக்கிறது என்பதற்கெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் விடை இருக்கிறது. அந்த வரிசையில் ஒரு நாள் பயணத்தைக் கீழே தந்திருக்கிறோம்.

கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு

லோமர்ஸ்ஹைம் என்ற ஊரின் பிரபு வால்டர் 1138இல் எக்கன்வையர் என்ற இடத்தில் தன் நிலத்தைச் சிஸ்டர்சியன் சபைக்குக் கொடுத்தார். அல்சாஸ் பகுதியின் நொய்பூர்க் மடத்திலிருந்து துறவிகள் வந்தார்கள். அந்த இடம் சரிப்பட்டு வரவில்லை. 1147இல் ஸ்பயர் நகரத்து ஆயர் குந்தர், சால்ஸாஹ் ஓடையின் பள்ளத்தாக்கில் தமக்குரிய நிலத்தைக் கொடுத்து மடத்தை இங்கே மாற்றினார். கோவேறு கழுதை ஒன்றை அவிழ்த்துவிட்டு, அது நின்று தண்ணீர் குடித்த ஊற்றருகே மடத்தைக் கட்டினார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. மவுல் என்பது கோவேறு கழுதை, பிரோன் என்பது ஊற்று. கதையைக் கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இடத்தைத் தேர்ந்ததற்கான காரணம் அதில் சரியாகவே இருக்கிறது. காடு, கல், ஓடை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பள்ளத்தாக்கு இது.

சிஸ்டர்சியன் சபை கடுமையான ஒழுங்கு கொண்டது. தன் உழைப்பில் வாழ வேண்டும், இறைச்சி கூடாது, தேவாலயத்தில் கோபுரம் கூடாது, பகட்டு அலங்காரம் கூடாது. ஒரு நாளில் ஏழெட்டு முறை கூடி வழிபட வேண்டிய துறவிகளால் வயலையும் முழுநேரமாகப் பார்த்துக்கொள்ள முடியாது. அதனால் சபைக்குள் இரண்டாவதாக ஒரு பிரிவு இருந்தது. சங்கீதம் பாடி வழிபடும் துறவிகள் ஒரு பக்கம். உழவு, தச்சு, கொல்லு, மீன், திராட்சை என்று உடலுழைப்பைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட உழைப்புச் சகோதரர்கள் இன்னொரு பக்கம். இவர்களும் நோன்பு ஏற்றவர்களே. ஆனால் ஒரே கூரையின் கீழ் இருந்தும் தனி வாசல், தனி உணவுக்கூடம், தேவாலயத்தில் தனிப் பகுதி. இந்தக் கட்டடத்தில் நீங்கள் பார்க்கப்போகும் பாதிச் சுவர்கள் இந்தப் பிரிவினைக்காக எழுந்தவை.

1178இல் தேவாலயம் திருநிலைப்படுத்தப்பட்டது. சுமார் 1210 முதல் 1230 வரை, பெயர் தெரியாத ஒரு கட்டடக் கலைஞர், பிரான்சில் அப்போது புதிதாகப் பிறந்திருந்த கோதிக் பாணியை இங்கே கொண்டுவந்தார். அவர் கட்டிய முன்மண்டபத்துக்கு ‘பரதீஸ்’ என்று பெயர். அதனால் அவரையே ‘பரதீஸ் ஆசான்’ என்று அழைக்கிறார்கள்.

1504இல், அப்போது தனி நாடாக இருந்த வூர்ட்டம்பெர்க்கின் கோமகன் உல்ரிஷ் மடத்தைப் படையெடுத்துப் பிடித்தார். 1525 விவசாயிகள் கிளர்ச்சியில் கிளர்ச்சியாளர்கள் இங்கே புகுந்தார்கள். 1534இல் வூர்ட்டம்பெர்க் புராட்டஸ்டன்ட் சமயத்துக்கு மாறியது. அதோடு மடத்தின் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1556இல் கோமகன் கிறிஸ்டோஃப் இதைப் பள்ளியாக்கினார். நாட்டுக்கு நல்ல போதகர்கள் வேண்டும், அதற்கு ஏழை வீட்டுப் பையன்களுக்கும் லத்தீனும் கிரேக்கமும் கற்றுத்தரும் உண்டுறைப் பள்ளி வேண்டும் என்பது அவர் திட்டம். முப்பதாண்டுப் போரின் நடுவில் கத்தோலிக்கத் துறவிகள் சில காலம் திரும்பி வந்து போனதைத் தவிர, பள்ளி தொடர்ந்தது. இன்றும் அதே கட்டடத்தில் நடக்கிறது. மடம் இடியாமல் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான். கூரை ஒழுகினால் ஓடு மாற்ற ஆள் இருந்த கட்டடம் இது. கைவிடப்பட்ட மடங்களை ஊர்க்காரர்கள் கல் கல்லாகப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். இங்கே அது நடக்கவில்லை.

எப்போது போவது, எப்படிப் போவது

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். குளிர்காலத்தில் திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாள்களிலும் சீக்கிரம் மூடிவிடுவார்கள். கோடையில் தேவாலயத்தில் இசை நிகழ்ச்சிகள் நடக்கும். அன்றைக்கு ஒத்திகைக்காகச் சில பகுதிகளை அடைத்துவிடலாம். வெள்ளி, சனியில் போவதாக இருந்தால் மடத்தின் இணையதளத்தில் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கட்டணமும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அதையும் அங்கேயே பார்த்துக்கொள்வது நல்லது. வாய்ப்பிருந்தால் வாரநாள் காலையில் போங்கள். பத்து மணிக்கு உள்ளே நுழைந்தால் பதினொன்றரைக்குச் சுற்றுலா பஸ்கள் வருவதற்குள் முக்கியமான இடங்களைத் தனியாகப் பார்த்துவிடலாம்.

புதிதாகப் போகிறவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் ரயில் நிலையம். வரைபடத்தில் ‘மவுல்பிரோன் வெஸ்ட்’ என்றொரு நிலையம் தெரியும். பெயரைப் பார்த்து அங்கே இறங்கிவிடாதீர்கள். 1853இல் போட்ட முதன்மை ரயில் பாதை பள்ளத்தாக்குக்கு வெளியே போகிறது. அந்த நிலையத்திலிருந்து மடம் 3 கிலோமீட்டருக்குக் குறையாது. ஊருக்குள் ஒரு நிலையம் இருக்கிறது, அதன் பெயர் ‘மவுல்பிரோன் ஸ்டாட்’. கிளைப்பாதையின் கடைசி நிலையமான அங்கே அன்றாட ரயில் போக்குவரத்து 1973இலேயே நின்றுவிட்டது. இப்போது கோடைப் பருவத்தில் ஞாயிறு, விடுமுறை நாள்களில் மட்டும் சுற்றுலா ரயில் ஓடுகிறது. அந்த நாளில் போனால் அதுவே வசதி.

மற்ற நாள்களில் ஸ்டுட்கார்ட் முதன்மை நிலையத்திலிருந்து வட்டார ரயிலில் மூலாக்கர் போங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். மூலாக்கர் நிலையத்துக்கு வெளியே இருக்கும் பஸ் நிறுத்தத்தில் மவுல்பிரோன் வழியாக பிரெட்டன் போகும் பஸ் கிடைக்கும். சுமார் 20 நிமிடப் பயணம். ‘ஆல்ட்டே போஸ்ட்’ நிறுத்தத்தில் இறங்கினால் மடத்தின் வாசல் சில நிமிட நடைதான். கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து வந்தால் எஸ்4 ரயிலில் பிரெட்டன் வந்து, அங்கிருந்து எதிர்த்திசையில் அதே பஸ்ஸைப் பிடிக்கலாம்.

டிக்கெட் விஷயத்தில் இரண்டு செய்திகள். இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து போனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் நாள் டிக்கெட் மலிவு. ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம், பஸ்ஸுக்கும் அதுவே செல்லும். ஆனால் வாரநாளில் காலை 9 மணிக்கு முன் செல்லாது. டிக்கெட்டில் பெயரை எழுதியிருக்க வேண்டும், எழுதாவிட்டால் பரிசோதகர் ஏற்கமாட்டார். இன்னொன்று, இந்த டிக்கெட்டோ மாதாந்திர ஜெர்மனி டிக்கெட்டோ வட்டார ரயிலுக்குத்தான். மூலாக்கரில் ஐசி விரைவு ரயில்களும் நிற்கும். அவசரத்தில் அதில் ஏறிவிட்டால் அபராதம் கட்ட வேண்டிவரும்.

இறங்கியதும் திரும்பும் பஸ் நேரத்தை நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையிலிருந்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரநாள், சனி, ஞாயிறு மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். மாலையிலும் வாரக் கடைசியிலும் பஸ் குறைவு. ஞாயிறு என்றால் கடைகள் அடைத்திருக்கும், தண்ணீரும் நொறுக்குத்தீனியும் கையில் இருக்கட்டும். கற்பாவிய தரை என்பதால் தட்டையான ஷூ போடுங்கள். ஜூலையானாலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். தடித்த கல்சுவருக்குள் வெளியில் இருப்பதைவிட நன்றாகவே குளிரும்.

வெளிமுற்றம்: அரைமணி நேரம்

கோட்டைக்குள் நுழைவதுபோல வாயில் கோபுரத்தின் வழியாக நுழைவீர்கள். மதிலும் அகழியுமாக மடம் காவல் கட்டியிருந்ததற்குக் காரணம் அதன் சொத்து. நிலம், காடு, திராட்சைத் தோட்டம், கிராமங்கள் என்று பெருகிய செல்வத்தைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பிரபுக்கள் கண்வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

உள்ளே அகன்ற முற்றம். இதற்குக் கட்டணம் இல்லை. டிக்கெட் அலுவலகத்தை நோக்கி ஓடாமல் ஒரு சுற்று வாருங்கள். கல் அடித்தளமும் மேலே மரச்சட்டமுமாக நிற்கும் கட்டடங்கள்தான் மடத்தின் பட்டறைகள். கொல்லுப் பட்டறை, வண்டிப் பட்டறை, பீப்பாய் செய்யும் கூடம், ரொட்டி சுடும் இடம், மாவு ஆலை. பெரிய களஞ்சியத்தைப் பாருங்கள். சுற்று வட்டாரக் கிராமங்கள் வரியாகக் கொடுத்த தானியம் அங்கே குவிந்தது. குதிரை லாயமாக இருந்த கட்டடம் இப்போது ஊராட்சி அலுவலகம். துறவிகள் போனபிறகும் ஊர் இதற்குள்ளேயே வாழ்ந்துகொண்டிருக்கிறது என்பது இந்த முற்றத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

கல்லைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மஞ்சளும் சிவப்பும் கலந்த மணற்கல், பக்கத்துக் குன்றுகளிலேயே வெட்டியது. இதற்கு ஜெர்மனில் ‘நாணல் மணற்கல்’ என்று பெயர். அதில் பதிந்திருந்த பழங்காலச் செடிகளின் தடத்தை நாணல் என்று நினைத்து அப்படிப் பெயரிட்டார்கள். மென்மையான கல் என்பதால் நுண்ணிய செதுக்கல் எளிதாக வரும். ஆனால் மழைக்கும் உறைபனிக்கும் மேல்தோல் உரியும். சில கற்களில் பட்டைபட்டையாகப் பெயர்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். பக்கத்திலேயே நிறம் மாறிய புதுக்கல் வைத்துச் செப்பனிட்டிருப்பதும் தெரியும். கையால் தேய்த்துப் பார்க்காதீர்கள், மணலாகக் கொட்டும்.

பரதீஸ்: பத்து நிமிடம் நின்று பாருங்கள்

தேவாலயத்தின் மேற்கு முகப்பில் ஒட்டியிருக்கும் முன்மண்டபம் இது. எல்லோரும் கடந்துபோகும் இடம், நிற்க வேண்டிய இடம். உள்ளே நடுவில் நின்று கூரையைப் பார்க்காமல் முதலில் தூண்களின் தலையைப் பாருங்கள். வளைவுகள் எல்லாம் ஒரே உயரத்தில் கிளம்பவில்லை. சில கீழேயே தொடங்குகின்றன, சில மேலே ஏறித் தொடங்குகின்றன.

காரணம் எளிமையானது. அந்தக் கலைஞர் எல்லா வளைவையும் அரைவட்டமாகவே போட்டார். அரைவட்டத்தின் உயரம் அதன் அகலத்தில் பாதி. மூலைக்கு மூலை குறுக்காகப் போகும் வளைவு அகலமானது, அதனால் உயரமும் அதிகம். பக்கவாட்டு வளைவு குறுகியது, உயரமும் குறைவு. உச்சி எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் சேர வேண்டுமானால் அகலமானதைத் தாழ்வாகவும் குறுகியதை உயர்வாகவும் தொடங்கியாக வேண்டும். இதே சிக்கலுக்குக் கூர்வளைவு வேறொரு விடை. கூர்வளைவின் உயரத்தை அகலம் எதுவானாலும் இஷ்டத்துக்கு மாற்றலாம். பழைய அரைவட்டத்தை வைத்துக்கொண்டே புதுப் பாணியின் மெல்லிய விலாக்களையும் (கூரையைத் தாங்கும் கல்வரிகள்) ஒல்லித் தூண்களையும் சாதித்த இடம் இந்த மண்டபம். இதைப் புரிந்துகொண்டு பார்த்தால் கோதிக் கட்டடக்கலை பிறந்த கணக்கு கண்முன் நிற்கும்.

காலை வெயில் இங்கே நுழையாது, பிற்பகலில்தான் மேற்கு வெளிச்சம் வரும். படம் எடுக்க வேண்டுமானால் காலையில் பார்த்துவிட்டு, மூன்று மணிக்குமேல் இன்னொருமுறை வாருங்கள்.

தேவாலயம்: இரண்டு பாதி

டிக்கெட் வாங்கும்போது ஆடியோ வழிகாட்டியும் கேளுங்கள். ஜெர்மன் தெரியாதவர்களுக்கு அது இல்லாமல் விளக்கப் பலகைகள் மட்டும் போதாது.

தேவாலயத்தின் உள்ளே நடுவில் குறுக்காக ஒரு கல்சுவர் தெரியும். மேற்கில் உழைப்புச் சகோதரர்கள், கிழக்கில் துறவிகள். மேற்குப் பகுதியில் நின்றபடி கிழக்கைப் பாருங்கள். பலிபீடம் தெரியாது. வயலிலிருந்து வந்த சகோதரருக்கு வழிபாடு காதால் கேட்டதுதான். சுவரைக் கடந்து கிழக்கே போனால் துறவிகளின் மர இருக்கைகள், 15ஆம் நூற்றாண்டின் நடுவில் செதுக்கியவை. மொத்தம் 92 இருக்கைகள். மடிக்கும் பலகைகளின் அடியில் சிறு தாங்கிகள் இருக்கின்றன. மணிக்கணக்கில் நின்று பாடும் முதிய துறவிகள், பார்ப்பவருக்கு நிற்பதுபோலவே தோன்றும்படி லேசாகச் சாய்ந்துகொள்ள அவை உதவின.

தடுப்புச் சுவருக்கு முன்னால் பெரிய சிலுவை. 1473இல் செதுக்கியது. மரம் என்று நினைப்பீர்கள், கல்தான். சிலுவை மரத்தின் நார்களையும் முடிச்சுகளையும்கூடக் கல்லில் காட்டியிருக்கிறார் சிற்பி.

மேலே பாருங்கள். தேவாலயத்தின் சுவர் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கோதிக்குக்கு முந்தைய கனத்த ரோமனெஸ்க் பாணி. கூரையில் வலைபோலப் படரும் விலாக்கள் 1424இல் வைத்தவை. அதற்கு முன் தட்டையான மரக்கூரைதான் இருந்தது. கட்டடமே இரண்டு காலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமக்கிறது. கோபுரம் கிடையாது, கூரை உச்சியில் சிறு மணிக்கூடு மட்டும். சபையின் விதி அது.

ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கலாம். அப்போது சுற்றிப் பார்க்க அனுமதி இல்லை.

சுற்று நடை: தண்ணீரின் வீடு

தேவாலயத்தின் வடக்கே நான்குபுறமும் நடை சூழ்ந்த உள்முற்றம் இருக்கிறது. இந்த வகை மடங்களில் வழக்கமாகச் சுற்று நடை தெற்கே, வெயில்படும் பக்கத்தில் இருக்கும். இங்கே வடக்கே வைத்திருக்கிறார்கள். ஓடையும் தண்ணீரும் அந்தப் பக்கம் இருந்ததால் வெயிலை விட்டுக்கொடுத்தார்கள்.

தேவாலயத்துக்கு முதுகைக் காட்டி நின்று, வலப்பக்கம் திரும்பிச் சுற்றுங்கள். தெற்கு நடை பரதீஸ் ஆசானின் வேலை, தூண் தலைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கிழக்கு நடையில் துறவிகளின் அவைக்கூடம் இருக்கிறது. நாள்தோறும் கூடி விதிநூலில் ஓர் அத்தியாயம் வாசித்து, தவறுகளை ஒப்புக்கொண்ட இடம். கூரை நட்சத்திரம்போல விரியும்.

வடக்கு நடைக்கு வந்ததும் மெதுவாகப் போங்கள். இங்கே முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஊற்று மண்டபம் இருக்கிறது. உள்ளே மூன்றடுக்குக் கல்தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். அடித் தொட்டிதான் இடைக்காலத்தது, மேல் இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் வைத்தவை. கூரையில் அந்தக் கோவேறு கழுதைக் கதையை வரைந்திருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். மண்டபத்தின் நேர் எதிரே துறவிகளின் உணவுக்கூட வாசல். கை கழுவாமல் சாப்பிடப் போகக் கூடாது என்ற விதியைக் கட்டடமே காவல் காக்கிறது.

அந்த உணவுக்கூடத்தில் நடுவே ஏழு தூண்கள். ஒன்று தடித்தது, அடுத்தது ஒல்லி, மறுபடி தடித்தது என்று மாறிமாறி வரும். மேலே அவை தாங்கும் சுமையும் அப்படியே மாறிமாறி வருவதால் இந்த ஏற்பாடு. இங்கே சாப்பாட்டு நேரத்தில் பேச்சு கிடையாது, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டபடி சாப்பிட்டார்கள். பக்கத்தில் வெப்பக்கூடம். அதற்குக் கீழே ஒரு நெருப்பறை இருந்தது. கட்டை எரித்து, கற்களைச் சூடேற்றி, புகை அடங்கியபின் தரையிலுள்ள துளைகளைத் திறந்து வெப்பத்தை மட்டும் மேலே விட்டார்கள். துறவிகள் குளிர்காய அனுமதிக்கப்பட்ட அறை இது ஒன்றுதான். துளைகள் இன்றும் தரையில் இருக்கின்றன, காலைப் பார்த்து வையுங்கள்.

அடுத்து அடுக்களை. ஒரு பக்கம் துறவிகளின் கூடம், மறுபக்கம் உழைப்புச் சகோதரர்களின் கூடம். ஒரே அடுப்பில் வெந்தது இரண்டு திசையில் போனது. மேற்கு நடையின் பக்கமுள்ள சகோதரர்களின் கூடத்தில் இரட்டைத் தூண்கள், கூரை தாழ்வு. முன்பு பார்த்த கூடத்தின் உயரத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே நில்லுங்கள். யாருக்கு என்ன மதிப்பு என்பதை உயரத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய கதவுகளுக்குப் பின்னால்

சில கதவுகள் திறக்காது. உள்ளே பள்ளி நடக்கிறது, பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். ஜன்னல்களைப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கண்டுசொன்ன யோகானஸ் கெப்ளர் 1586 முதல் 1589 வரை இங்கே மாணவர். கவிஞர் ஹோல்டர்லின் 1786 முதல் 1788 வரை. நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1891 செப்டம்பரில் சேர்ந்தார், 1892 மார்ச் 7ஆம் தேதி ஓடிப்போனார், அந்த மே மாதமே பள்ளியை விட்டுவிட்டார். பிற்காலத்தில் தம் நாவல்களில் இந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார்.

நமக்கு நெருக்கமான பெயர் இன்னொன்று. ஹெஸ்ஸேயின் தாய்வழித் தாத்தா ஹெர்மன் குண்டர்ட்டும் இதே பள்ளியில் படித்தவர். 1836இல் சென்னை வந்து இறங்கி, முதலில் கற்றது தமிழ். திருநெல்வேலியிலும் சித்தூரிலும் வேலை செய்தபின் மங்களூருக்கும் தலச்சேரிக்கும் போய், மலையாளத்துக்கு இலக்கணமும் 1872இல் வெளிவந்த பேரகராதியும் தந்தார். ஹெஸ்ஸேயின் தாய் மரீ பிறந்தது தலச்சேரியில். வேற்றுமொழி இலக்கணத்தை வரிவரியாகப் பிரித்துப் படிக்கும் பழக்கம் லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஓதிய இந்த மாதிரிப் பள்ளி அறைகளில்தான் அவருக்கு ஊறியது.

மதிலைத் தாண்டி: ஏரிகள்

மதிலின் தென்கிழக்கு மூலையில் ஃபவுஸ்ட் கோபுரம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடத்தலைவர் என்டன்ஃபுஸ், கடன் தீர்க்கத் தங்கம் செய்துதரச் சொல்லி மந்திரவாதி ஃபவுஸ்ட்டை இங்கே தங்கவைத்தார் என்பது கதை. வெளியிலிருந்து ஐந்து நிமிடம் பார்த்தால் போதும்.

அதைவிட முக்கியமானது மேற்கொண்டு மேட்டுப்பக்கம் நடந்தால் வரும் ‘டீஃபர் ஸே’, அதாவது ஆழமான ஏரி. துறவிகள் ஓடையைக் கரைகட்டி மறித்துச் செய்தது. பள்ளத்தாக்கு முழுக்க இப்படி ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஏரிகளையும் குளங்களையும் வாய்க்கால்களையும் அமைத்தார்கள். கரையில் நின்று மடத்தின் பக்கம் திரும்பிப் பாருங்கள். நீர்மட்டம் மடத்தின் தரையைவிட உயரம். மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்கி ஓடும். ஆலைச் சக்கரம் அதில் சுழன்றது, கழிப்பிடங்களின் அழுக்கை அது அடித்துச் சென்றது, மிச்சம் வயலுக்குப் போனது. இறைச்சி தவிர்த்த துறவிகளுக்குக் குளத்துக் கெண்டை மீன்தான் விருந்து. குளங்களை முறைவைத்து வற்றவிட்டு மீன் பிடித்தார்கள், வண்டலை அள்ளினார்கள். ஏரிப்பாசனம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்த ஏற்பாட்டை யாரும் விளக்கவே வேண்டாம்.

கோடையில் இந்த ஏரியில் குளிக்கலாம். நீச்சல் பருவத்தில் கட்டணம் உண்டு. தண்ணீர் ஆழம், குழந்தைகளைக் கண்ணெட்டும் தூரத்தில் வையுங்கள்.

ஊருக்கு வெளியே கல்லடுக்குச் சுவர்களோடு படிப்படியாக ஏறும் திராட்சைச் சரிவுக்கு ‘ஐல்ஃபிங்கர்பெர்க்’ என்று பெயர். நோன்பு நாளில் மதுவைத் தூண் வழியே வழியவிட்டு, துறவிகள் விரலை நனைத்துச் சப்பிக்கொண்டார்கள் என்றும், பத்து விரல் போதாமல் ‘பதினொன்றாவது விரல் இருந்தால்’ என்று ஒருவர் ஏங்கியதால் இந்தப் பெயர் என்றும் சொல்வார்கள். உண்மையில் எல்ஃபிங்கன் என்ற பழைய குடியிருப்பின் பெயர்தான் இப்படி மருவியது.

சாப்பாடு

இங்கே கேட்க வேண்டியது மவுல்டாஷன். உள்ளங்கை அளவு மாவுப் பொதிக்குள் கொத்திறைச்சி, பசலைக்கீரை, ஊறிய ரொட்டி, வெங்காயம், பார்ஸ்லி. தவக்காலத்தில் இறைச்சி கிடைத்த மவுல்பிரோன் துறவிகள், கடவுள் கண்ணில் படாமலிருக்கக் கீரையோடு பிசைந்து மாவுக்குள் ஒளித்தார்கள் என்பது ஸ்வாபியா என்ற இந்த வட்டாரத்தின் நாட்டார் கதை. 2009 முதல் ‘ஸ்வாபிய மவுல்டாஷன்’ என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. மூன்று விதமாகத் தருவார்கள். சாறில் மிதக்கவிட்டு, வதக்கிய வெங்காயம் போட்டு, அல்லது துண்டுபோட்டு முட்டையோடு வறுத்து. முதல் முறையாகச் சாப்பிடுகிறவர்களுக்கு வறுத்தது பிடிக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ‘கெம்யூஸ-மவுல்டாஷன்’ என்றால் காய்கறிப் பொதி. ஆனால் அதையும் மாட்டிறைச்சிச் சாறில் போட்டுத் தருவது உண்டு. ‘ஓன ஃப்ளைஷ்ப்ரூயெ’ என்று சொல்லிவிடுங்கள், இறைச்சிச் சாறு வேண்டாம் என்று பொருள். பருப்பும் ஸ்பெட்ஸ்லெயும் (முட்டை சேர்த்த மாவு நூடுல்ஸ்) என்று பட்டியலில் பார்த்து ஆசைப்பட்டால் ஏமாற்றம்தான், அதில் பன்றிக்கொழுப்பும் சாஸேஜும் சேர்ந்தே வரும். சீஸ் போட்ட ஸ்பெட்ஸ்லெ பெரும்பாலும் பாதுகாப்பு, முட்டை இருக்கும். பல உணவகங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் மாலைவரை அடுக்களை மூடியிருக்கும். ஆகவே ஏரிக்கு நடப்பதற்கு முன்பே, ஒரு மணியளவில் சாப்பிட்டுவிடுங்கள்.

இன்னொரு நாள் கையில் இருந்தால்

மூலாக்கரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் போய், அங்கிருந்து நாகோல்ட் ஆற்றை ஒட்டி ஓடும் ரயிலில் ஹிர்ஸாவ் நிலையத்தில் இறங்குங்கள். மவுல்பிரோனைவிடப் பழைய, ஒரு காலத்தில் அதைவிடப் பெரிய, பெனடிக்டைன் என்ற இன்னொரு துறவறச் சபையின் மடம் அங்கே இருந்தது. 1692இல் பிரெஞ்சுப் படை எரித்தது. இன்று புல்வெளியில் ஒரு கோபுரமும் சுற்று நடையின் ஜன்னல் சட்டங்களும் கூரையில்லாமல் நிற்கின்றன. உள்ளே நுழையக் கட்டணம் இல்லை, ஒரு மணி நேரம் போதும். அடுத்த நிலையம் கால்வ், ஹெஸ்ஸே பிறந்த ஊர். குண்டர்ட் இந்தியாவிலிருந்து திரும்பியபின் வாழ்ந்து 1893இல் இறந்ததும் அங்கேதான். இரண்டு மடங்களையும் பார்க்கத் திட்டமிருந்தால் முதல் நாள் மவுல்பிரோன், மறுநாள் ஹிர்ஸாவ் என்று வையுங்கள். எந்தச் சுவர் எதற்கு என்று மவுல்பிரோனில் தெரிந்துகொண்டவருக்கு, ஹிர்ஸாவில் தரையோடு கிடக்கும் அடித்தளக் கற்களைப் பார்த்தே உணவுக்கூடம் எது, ஊற்று மண்டபம் எது என்று சொல்ல முடியும்.